உள்ளே யாரும் இல்லை என்றது மிஷின்

இது நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், நோன்பு மாசத்தில். கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போகிற ரோட்டில் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு ஏலக்காய் குடோன். அங்கேதான் எனக்கு வேலை. அன்றைக்கு ஒரு பெண் சாகக் கிடந்தாள். அதை நான் டிவியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்ப்பது என்ன என்று தெரியாமலே பார்த்தேன்.

எழுதிப் பழக்கம் இல்லை. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

முதலில் நான் அந்தக் குடோனில் லோடுமேன். மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. இனிமேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் கூடலூர்க்காரர், நல்ல மனுஷர். "வீட்ல போயி என்ன செய்யப்போற, இங்கன ஒக்காரு" என்று மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ரூமில் உட்கார வைத்தார். ரூமில் ஒரு டிவி. அதில் கட்டம் கட்டமாகக் குடோன் முழுக்கத் தெரியும். வாசல், கேட், காய் பொறுக்குகிற கூடம், பின்கட்டு எல்லாம். அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வேலை.

காரணம் இருந்தது. சரக்கு குறைந்துகொண்டே வந்தது. ஏலக்காய் கனமில்லாதது. ஒரு பிடி அள்ளி மடியில் கட்டினால் கட்டின மாதிரியே தெரியாது. முதலாளி மதுரையில் இருக்கிறார். அவர் ஆள் கூட்டிவந்து கேமரா மாட்டினார். மூட்டைக்கு மூட்டை கோடு போட்ட ஸ்டிக்கர். துப்பாக்கி மாதிரி ஒரு ஸ்கேனர். அதை ஸ்டிக்கருக்கு நேராகப் பிடித்தால் கீக் என்று சத்தம் வரும். அந்த மூட்டை எங்கே இருந்தது, எங்கே போகிறது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். ஆளுக்கும் அப்படித்தான். கழுத்தில் ஒரு அட்டை; எனக்கும் மேனேஜருக்கும் மட்டும் அது கிடையாது. கேட்டில் இருக்கிற மிஷினில் உள்ளே வரும்போது ஒரு கீக், வெளியே போகும்போது ஒரு கீக். உள்ளே எத்தனை பேர் என்று மிஷினில் நம்பர் ஓடும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் களவு போகிறது என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். அதனால் அந்த நேரத்தில் அட்டை போட்டவர்கள் ஒருத்தர்கூட உள்ளே இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. இருந்தால் வேலை போய்விடும். போகிறவர் திருடன் என்ற பேரோடு போக வேண்டும். அது தெரிந்தால் இந்தப் பக்கம் எந்தக் குடோனிலும் சேர்க்க மாட்டார்கள்.

கேமரா வந்தபிறகு குடோன் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காய் பொறுக்குகிற பெண்கள் முன்னால் கூத்தும் கேலியுமாக இருப்பார்கள். அப்புறம் யாரும் இயல்பாக நடக்கவில்லை. இடுப்பைச் சொறிந்தால் உடனே கையை மேலே தூக்குவார்கள். முந்தானையால் முகம் துடைத்தால், துடைத்த கையைக் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டுத்தான் காய் புடைக்கிற சுளகைத் தொடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாக வந்தது. ஒருத்தி செய்தாள், எல்லோரும் செய்தார்கள். கேமராவில் சத்தம் கிடையாது. வாய் அசையும், பேச்சு வராது. சுவருக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறவர்கள் டிவிக்குள் செத்தவர்கள் மாதிரி நடமாடினார்கள். நடுநடுவே என்னைப் பார்த்து வெறுங்கையை விரித்துக் காட்டினார்கள். பகல் முழுக்க அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது.

இன்னொன்றும் நடந்தது. பின்கட்டில் ஜன்னல் கிடையாது. இருட்டு. அங்கே இருக்கிற கேமரா இருட்டிலும் காட்டும், ஆனால் கறுப்பு வெள்ளையாகத்தான் காட்டும். ஒருநாள் காலையில் அந்தக் கட்டத்தில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. மேலேயிருந்து மெதுவாக இறங்கி மூட்டைகள் மேல் நின்றது. கை கால் மாதிரி அசைந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி வந்து டிவியைப் பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறது. லோடுமேன்கள் வந்து பார்த்துவிட்டுப் பின்கட்டுக்குப் போக மாட்டோம் என்றார்கள். கேமரா மாட்டின கம்பெனி ஆள் வந்தார். ஏணி போட்டு ஏறித் துணியால் துடைத்தார். போய்விட்டது. கேமரா கண்ணாடி மேல் சிலந்தி. அவ்வளவுதான்.

அன்றைக்குக் குடோனே சிரித்தது. உத்தமபாளையத்திலிருந்து வருகிற பெண் ஒருத்தி. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "ஏண்ணே, அட்டை இல்லாம அந்தப் பேயி கேட்டத் தாண்டி எப்பிடி உள்ள வந்துச்சு? அதுக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுங்க. வேல வாங்குனாப்புலயும் இருக்கும்" என்றாள். மேனேஜரே சிரித்துவிட்டார். என்னைக் கண்டால் விடமாட்டாள். "டிவி பாக்குறதுக்குச் சம்பளம் வாங்குற ஆளு இந்த ஜில்லாவுலயே எங்க அண்ணந்தேன்" என்பாள்.

சாகக் கிடந்தது அவள்தான்.

அதைச் சொல்வதற்கு முன்னால் இரண்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

ஏலக்காய் வாயில் போடுகிற சரக்கு. மிதியடியோடு யாரும் குடோனுக்குள் போக மாட்டோம். எந்தச் சாதி, எந்த மதம் என்றாலும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவோம். இது முதலாளி போட்ட சட்டம் இல்லை. அதற்கு முன்னாலிருந்தே உண்டு.

இன்னொன்று கேமரா வந்தபிறகு வந்தது. மத்தியானம் கேட்டில் வரிசை நிற்கும். மிஷின் வெயிலில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் அட்டை காட்டுவதற்குள் தலை வெடித்துவிடும். அதனால் ஒருத்தி எல்லோருடைய அட்டையையும் வாங்கிக்கொள்வாள். மற்றவர்கள் நிழலில் நிற்பார்கள். அவள் மட்டும் போய் கீக் கீக் கீக் என்று காட்டிவிட்டு வருவாள். கேட் வாட்ச்மேன் கண்டுகொள்ள மாட்டார். நானும் தினம் டிவியில் பார்ப்பேன். யார் மடியிலும் காய் இல்லை, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மத்தியான மணி அடித்துப் பெண்கள் வெளியே வந்தார்கள். அட்டை காட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தேனியிலிருந்து மருந்து வைக்கிறவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். பின்கட்டில் மிளகு மூட்டையும் உண்டு. அதில் வண்டு விழுந்திருந்தது. அதற்கு மருந்து. மூட்டைகளின் மேல் கனமான பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுத் தரை வரைக்கும் இறக்கி, சுற்றிலும் மணல் அடைத்த பைகளை வரிசையாக வைத்து அமுக்கி, உள்ளே மருந்தை வைத்துவிடுவார்கள். அதிலிருந்து விஷக் காற்று வரும். வண்டு சாகும். வண்டு மட்டும் இல்லை, உள்ளே எது இருந்தாலும் சாகும். ஐந்து நாளைக்குக் கதவைத் திறக்க மாட்டார்கள்.

அவர்கள் மறுநாள்தான் வருவதாக இருந்தது. வேறு ஒரு இடத்தில் வேலை இல்லை என்று ஆகிவிட்டதால் அன்றைக்கே வந்துவிட்டார்கள். மேனேஜருக்கும் நல்லதாகப் போயிற்று. கேட்டுக்குப் போன் போட்டு, "எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்று கேட்டார். "மிஷின்ல சைபர் காட்டுது சார்" என்றார் வாட்ச்மேன். மேனேஜர் என் ரூமுக்கும் வந்தார். கட்டம் கட்டமாகப் பார்த்தார். ஒரு ஆள் இல்லை. "மத்தியானத்துக்கு மேல வேல இல்ல, எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிரு" என்றார். பெண்களுக்குச் சந்தோஷம். கேட்டுக்கு வெளியே நின்று, மருந்து வேலை முடிகிற வரைக்கும் ஷேர் ஆட்டோ வர வர ஏறிப் போனார்கள்.

பின்கட்டில் மிளகு இரண்டு அடுக்காக இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி. அதில் காலிச் சாக்குகளைக் குவித்து வைத்திருப்போம். மருந்துக்காரர்கள் மூன்று பேர். மூக்கு நீண்ட முகமூடி கழுத்தில் தொங்கியது. இரண்டு அடுக்கையும் சேர்த்து ஒரே ஷீட்டாகப் போட்டார்கள். நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில் ஒரு பெரிய பொணத்துக்குத் துணி போர்த்துகிற மாதிரி இருந்தது.

மருந்து வைப்பதற்கு முன்னால் அவர்களில் மூத்தவர் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தார். டிவியில் வாய் திறந்தது. கேமரா வயர் வருகிற ஓட்டை என் ரூம் சுவரில் இருக்கிறது. அதன் வழியாகக் குரல் வந்தது.

"உள்ள யாராச்சும் இருக்கீகளா?"

நின்று காது கொடுத்தார். மறுபடியும் கூப்பிட்டார். பதில் இல்லை. முறையாகச் செய்கிற ஆள் அவர். அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. முகமூடியை மாட்டிக்கொண்டு மருந்தை வைத்தார்கள். மணல் பைகளை வைத்து அமுக்கினார்கள். வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டி, மண்டையோடு போட்ட சிவப்புக் காகிதத்தை ஒட்டினார்கள். வேனுக்குப் பக்கத்தில் குழாயில் கை கழுவினார்கள்.

குடோனில் சத்தம் அடங்கிவிட்டது. மின்விசிறி எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போனேன்.

அப்போது வாசல் கட்டத்தில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. வெயிலில் தனியாகக் கிடந்தது. யாரோ பழசை விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பின்கட்டுக் கட்டத்தைப் பார்த்தேன். ஷீட் அசைந்தது.

மெதுவாக மேலே வந்தது. மெதுவாக இறங்கியது. மறுபடியும் வந்தது. தூங்குகிற ஆளின் போர்வை மாதிரி. ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஜன்னல் இல்லை. காற்று எங்கேயிருந்து வரும்? சிலந்தி என்று நினைத்தேன். சிலந்தி என்றால் கேமரா கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். இது ஷீட்டே அசைகிறது. மடிப்பு தெரிகிறது.

நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அப்புறம் ஒரு ஓரத்தில் கை முஷ்டி அளவுக்கு ஷீட் புடைத்தது. வெளியே தள்ளியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. உள்ளே போய்விட்டது.

நான் பயந்த ஆள் இல்லை. முதுகு போகிறதுக்கு முன்னால் சுடுகாட்டுப் பாதையில் ஒற்றை ஆளாகத் தண்ணீர் பாய்ச்சப் போனவன். அன்றைக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது. சத்தமே இல்லாததுதான் காரணம். சுவரில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. டிவியில் அது அசைகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லாத மாதிரி இருக்கிறது. சிலந்தி வந்த அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது. இதைப் போய்ச் சொன்னால் மறுபடியும் சிரிப்பார்கள் என்றும் தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என்னை எழுப்பியது அந்தச் செருப்புதான். பங்குனி வெயில். தார் ரோடு இளகிக் கிடக்கிறது. இந்த வெயிலில் செருப்பை விட்டுவிட்டு எந்தப் பொம்பளை பஸ்ஸுக்கு நடப்பாள்?

வாசலுக்குப் போய்க் கையில் எடுத்தேன். பெண்கள் போடுகிற செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. நேற்றோ முந்தாநாளோ கிடந்தது இல்லை. ஊக்கு புதுசு.

கேட்டுக்கு ஓடினேன். ஓட முடியாது, ஓடினேன். வாட்ச்மேன் எங்கள் ஊர்க்காரர். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, எல்லாரும் போயிட்டாகளா?"

"அந்தா, மிஷின்ல பாரு. சைபரு."

"மிஷினக் கேக்கல. நீ கண்ணால பாத்தியா?"

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "அட்டையெல்லாம் அந்தக் காமயகவுண்டன்பட்டிப் பொண்ணுல்ல காட்டுச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடத்துலருந்து போன் வந்துச்சுன்னு அப்பயே பஸ்ஸுக்கு ஓடிருச்சு."

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டோம். பஸ் சத்தத்துக்குள்ளே பேசினாள். மருந்துக்காரர்கள் வந்ததே அவளுக்குத் தெரியாது.

"யாரு அட்டையாச்சும் ஒங்கிட்ட இருக்காத்தா?" என்று கேட்டேன்.

பஸ் சத்தம் மட்டும் வந்தது.

"சொல்லு."

"உத்தமபாளையத்து அக்கா அட்டை எங்கிட்டதேன் இருக்குண்ணே. அவுக நோன்புல்ல. விடியுறதுக்கு முன்னயே சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிச்சுச் சோறாக்கிட்டு வந்துர்றாக, கண்ணு சொருகுது. செத்த நேரம் உள்ளயே படுக்கட்டும்னு நாந்தேன் அட்டையக் காட்டுனேன். வேற யாருக்கும் தெரியாது. அண்ணே, சாமியா நெனச்சுக் கேக்குறேன், மேனேஜருகிட்டச் சொல்லிறாதீக. அவுகளுக்கு வேல போயிரும்."

"எங்கன படுக்கும்?"

"பின்னால. சாக்குக் கெடக்குல்ல, அங்கன. அங்கன கேமரா தெரியாது."

வாட்ச்மேன் கையிலிருந்த சோற்றை அப்படியே உதறிவிட்டு எழுந்தார்.

மேனேஜரும் மருந்துக்காரர்களும் வேன் நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் இரண்டு வார்த்தைதான் சொன்னேன். அந்த மூத்தவர்தான் நிதானமாக இருந்தார். "மருந்து வெச்ச வொடனே வேல செய்யாது. பைய பையத்தேன் காத்து வரும். இன்னும் நேரம் இருக்கு. முகமூடி இல்லாம ஒருத்தரும் உள்ள வரப்படாது. சாவியக் குடுங்க சார்" என்றார். மேனேஜர் நீட்டின சாவி கீழே விழுந்தது. மூத்தவரே எடுத்துத் திறந்தார்.

ஷட்டர் மேலே போனது. வெள்ளைப்பூண்டு வாடை மாதிரி ஒன்று லேசாக வந்தது. "தள்ளிப் போங்க" என்று கத்திவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

எனக்கு முகமூடி இல்லை. வாசலில் நின்று என்ன செய்ய? டிவி ரூமுக்குப் போனேன். அங்கிருந்து எங்கே அசைகிறது என்று சொல்லலாம் அல்லவா.

டிவியில் மூன்று பேரும் டார்ச் அடித்துக்கொண்டு ஷீட்டின் வலது பக்கம் மணல் பைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவே சாக்குக் கிடக்கிற இடைவெளியின் வலது முனை அதுதான். சரியான இடம். அந்த இடத்தில் ஷீட் புடைத்துக்கொண்டிருந்தது.

அவர்கள் கை அங்கே போனதும் அந்தப் புடைப்பு நகர்ந்தது.

முதலில் எனக்குப் புரியவில்லை. மறுபடியும் பார்த்தேன். அவர்கள் கிட்டே வர வர அது தள்ளித் தள்ளிப் போனது. ஷீட்டுக்குக் கீழே ஊர்ந்து இடது பக்கம் போய்ச் சுருண்டது. காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து அது ஒளிந்துகொண்டிருந்தது.

என் ஆயுசில் அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் பார்த்ததில்லை. பேயைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு உறைந்திருக்க மாட்டேன்.

புரிந்துவிட்டது எனக்கு. வயர் ஓட்டையில் வாயை வைத்தேன். "இடது பக்கம், இடது பக்கம்" என்று கத்தினேன். அவர்களுக்குக் கேட்டதோ என்னவோ. அப்புறம் அவளுக்குக் கத்தினேன்.

"ஆத்தா, நாந்தேன் பேசுறேன். டிவி பாக்குற அண்ணே. ஒன்னய ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. நீ களவாங்கலன்னு எனக்குத் தெரியும். உள்ள வெசம் வச்சிருக்காக. அவுக ஒன்னயத் தூக்க வந்துருக்காக. கையக் குடு. வெளிய வா ஆத்தா."

புடைப்பு நின்றது. நான் டிவியைப் பார்த்துக்கொண்டே கத்தினதையே மறுபடியும் மறுபடியும் கத்தினேன். தொண்டை கட்டிப்போகிற வரைக்கும். ஷீட்டின் இடது ஓரத்தில் ஒரு கை வெளியே வந்தது. மூத்தவர் பாய்ந்து போய்ப் பிடித்தார்.

தென்னைமரத்தடியில் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகம் கறுத்திருந்தது. வெறும் வயிறு, மஞ்சளாக வாந்தி எடுத்தாள். கண் எங்கேயோ போனது. மேனேஜர் கார் சாவியை எடுக்க ஓடினார். வாட்ச்மேன் தண்ணீரைத் தெளித்தார். கொஞ்சம் தெளிந்தது. கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

முந்தானையை இழுத்து உதறினாள். மடியை அவிழ்த்து உதறினாள். தூசிதான் விழுந்தது. இரண்டு உள்ளங்கையையும் எங்களுக்கு நேராக விரித்துக் காட்டினாள். டிவியில் காட்டுவார்களே, அதே மாதிரி.

"நா எதையும் எடுக்கலண்ணே" என்றாள்.

மூத்தவர் முகமூடியைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் காரை எடுத்து வந்தார். "நீ எடுக்கலத்தா, எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று நான்தான் சொன்னேன்.

கம்பம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டாள். கொஞ்சம் பிந்தியிருந்தால் இல்லை என்று டாக்டர் சொன்னார். பிள்ளைகள் இரண்டும் வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூத்தவள் என் பக்கம் வந்தாள். அம்மா தலைமாட்டில் இருந்த ஆரஞ்சில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

தேறினபிறகு அவளே சொன்னாள். ஷீட் மேலே விழும்போதே முழித்துவிட்டாளாம். முதலாளி ஆட்கள் சாக்குக்குள்ளே களவுச் சரக்கைத் தேட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"அந்தப் பெரியவரு கூப்புட்டது கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சுண்ணே. ரெண்டு தடவையும் கேட்டுச்சு. சாக்குக்குள்ள கெடந்தவ எந்திரிச்சு வந்து நா தூங்குனேன்னு சொன்னா நம்புவாகளா? முந்தானைய வாயில வச்சு அடச்சுக்கிட்டேன். தும்மல் வந்துச்சு. அதையும் அடக்குனேன்."

அவர்கள் போனபிறகு மெதுவாக வெளியே வந்துவிடலாம் என்று இருந்திருக்கிறாள். ஷட்டர் இறங்கிய சத்தம் கேட்டு எழுந்தால் வழி இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பிளாஸ்டிக். கீழே மணல் பை. வாடை வந்து தலை சுற்றியிருக்கிறது. மறுபடியும் ஷட்டர் திறந்து டார்ச் வெளிச்சம் வந்தபோது போலீஸ் என்று நினைத்தாளாம்.

"பொம்பளப் பிள்ளைக ரெண்டு இருக்குண்ணே. களவாணி மகளுகன்னு ஒரு பேரு வந்துச்சுன்னா யாரு கட்டுவா? அதுக்கு அங்கனயே செத்துப்போறது மேலுன்னு தோணுச்சு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போன கதை மாதிரி சொன்னாள்.

முதலாளி மதுரையிலிருந்து வந்தார். பதிவான படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஷட்டர் இறங்கின உடனேயே ஷீட் அசைய ஆரம்பித்திருக்கிறது. நான் பார்த்ததாக நினைத்த நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே. "அந்த நேரத்துல நீ எதப் பாத்த?" என்று முதலாளி கேட்டார். கேட் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ ஏறுகிற பெண்களின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே என்ன போகிறது என்று பார்க்கத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க யாரும் சொல்லவில்லை. அதைத்தான் சொன்னேன்.

சாப்பாட்டு நேரச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பெண்கள் படுக்க மின்விசிறி போட்டு ஒரு இடம் ஒதுக்கினார்கள். அவள் நோன்புப் பெருநாள் முடிந்து வேலைக்கு வந்துவிட்டாள். கேமரா இருக்கிறது, ஸ்கேனரும் இருக்கிறது. காணாமல் போன காயை யார் எடுத்தார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

நானும் அதே குடோனில்தான் இருக்கிறேன். மிஷினில் சைபர் வந்தாலும் ஷட்டர் இறக்குவதற்கு முன்னால் நானே உள்ளே போய் மூலை மூலையாக நடக்கிறேன். கூப்பிடவும் செய்கிறேன். ஆனால் உள்ளே யார் என்று அதட்டிக் கேட்பது இல்லை. "இருந்தா பயப்படாம வாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டோம்" என்றுதான் கூப்பிடுகிறேன், ஏனென்றால் கூப்பிட்ட குரல் காதில் விழுந்தும் ஒரு உயிர் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.